மாற்றியதைச் சொல்லிவிட்டு மாற்றட்டும்

அன்பு மச்சான்,

நீ அனுப்பிய பார்சல் போன கிழமை பத்திரமாக வந்து சேர்ந்தது. இங்கே எல்லாரும் சுகம். ஆடி வெயில் கொளுத்துகிறது, நல்லூர்க் கொடியேற்றத்துக்கு ஊர் ஆயத்தமாகிறது, பேத்திக்கு ஸ்கொலர்ஷிப் சோதனை வருகிறது என்று வீட்டில் ஒரே டியூசன் கதை.

சரி, அதை விடு. நீ அனுப்பிய புது 'மட்டில்டா', அந்த ஆங்கிலச் சிறுவர் நாவலைப் பற்றித்தான் எழுத நினைத்தேன். வீட்டில் பழைய பிரதி ஒன்று இருக்கிறது. பேத்தி புதியதைச் சத்தமாக வாசிக்க நான் பழையதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கதையில் வரும் சிறுமி மட்டில்டா நூலகப் புத்தகங்களை வாசித்து, எழுதியவர்களோடு மனதால் உலகம் சுற்றும் இடத்தில் இரண்டும் ஒத்துவரவில்லை. 1988இல் ரோல்ட் டால் எழுதியதில் அவள் கொன்ராட்டோடு பாய்மரக் கப்பலில் போகிறாள், ஹெமிங்வேயோடு ஆபிரிக்காவுக்கு, கிப்ளிங்கோடு இந்தியாவுக்கு. புதியதில் ஹெமிங்வே மட்டும் தப்பியிருக்கிறார், கொன்ராட்டும் கிப்ளிங்கும் போய் ஜேன் ஒஸ்டினும் ஸ்டைன்பெக்கும் வந்துவிட்டார்கள். டால் 1990இலேயே இறந்துவிட்டார், இந்தத் திருத்தங்கள் 2023இல்தான் வெளியே தெரியவந்தன. அவருடைய புத்தகங்கள் பலவற்றில் நூற்றுக்கணக்கான இடங்களில் கைவைத்திருக்கிறார்கள், 'குண்டு' என்ற சொல் ஒன்றுவிடாமல் போயிருக்கிறது.

கிப்ளிங்கை ஏன் எடுத்தார்கள் என்று எனக்கு விளங்குகிறது. வெள்ளைக்காரன் ஆட்சியைப் போற்றிய ஆளை எங்கள் பிள்ளைகளுக்குத் தூக்கிக் கொடுக்க எனக்கும் ஆசையில்லை. ஆனால் பெயர் அங்கே இருந்திருந்தால் பேத்தி "ஆர் அப்பப்பா இவர்?" என்று கேட்டிருப்பாள், நானும் முழுக் கதையையும் சொல்லியிருப்பேன். இப்போது கேட்க ஒன்றுமில்லை. அதோடு, அகப்பட்டதை எல்லாம் வாசிக்கிற பிள்ளைதான் மட்டில்டா, அவள் எதை வாசித்தாள் என்பதும் கதையில் சேர்ந்ததுதானே.

மாற்றவே கூடாது என்று நான் சொல்லவில்லை. 'சார்லி அன்ட் த சொக்லேட் ஃபக்டரி' 1964இல் முதலில் வந்தபோது அந்தச் சொக்லேட் ஆலையில் வேலை செய்யும் ஊம்பா லூம்பாக்கள் ஆபிரிக்கக் காட்டிலிருந்து கொண்டுவரப்பட்ட பிக்மிகள், குள்ளமான பழங்குடி ஆட்கள். அதை வாசித்தவர்கள் கண்டித்தார்கள், டாலே 1973 பதிப்பில் அதை மாற்றி எழுதினார். எழுதியவன் உயிரோடு இருந்து, கேட்டு, தன் கையால் செய்தது. அதில் எனக்கு ஒரு குறையும் இல்லை. 2023இல் எதிர்ப்பு வந்த பிறகு டாலின் பதிப்பகமான பஃபின் பழைய வடிவத்திலேயே பதினேழு புத்தகங்களைத் தனி வரிசையாகப் போடுவதாக அறிவித்தது. இன்னொரு ஆங்கிலச் சிறுவர் எழுத்தாளர் எனிட் பிளைட்டனின் ஃபேமஸ் ஃபைவ் கதைகளையும் 2010இல் இந்தக் காலப் பேச்சுக்கு மாற்றிப் பார்த்தார்கள், அது எடுபடவில்லை என்று 2016இல் பதிப்பகமே பழைய வசனத்துக்குத் திரும்பியது. பிள்ளைகளுக்குப் பழைய பேச்சு விளங்காது என்று பெரியவர்கள்தான் பயப்படுகிறார்கள்.

இங்கிலாந்துக் கதை கிடக்கட்டும், எனக்கு உண்மையில் நெஞ்சு கொதித்தது எங்கள் நவாலியூர் சோமசுந்தரப் புலவரின் பாட்டில்தான். ஆடிப்பிறப்புக்கு முதல் நாள் இங்கே வாங்கிய ஒரு சிறுவர் பாடல் தொகுப்பில் 'ஆடிப்பிறப்புக்கு நாளை விடுதலை' இருந்தது. நல்ல வழவழப்பான தாள், கலர் படம். ஆனால் பயறு வறுத்து, மா இடித்து, தேங்காய் துருவிச் சர்க்கரை கலந்து கொழுக்கட்டை பிடிக்கிற அடிகள் எல்லாவற்றையும் வெட்டிவிட்டார்கள், சுருக்கியிருக்கிறோம் என்று எங்கேயும் ஒரு வரி கிடையாது. அந்தச் சமையல்தானே பாட்டு! நாங்கள் அதைப் பாடிப்பாடியே கூழ் காய்ச்சுகிற முறையைப் படித்தோம். படத்தில் பனை மரம்கூட இல்லை மச்சான், ஏதோ வெளிநாட்டுப் பூங்காவில் பிள்ளைகள் குதிக்கிறார்கள். விடுபட்ட அடிகளை நான் கையால் எழுதி அந்தப் பக்கத்தில் ஒட்டிக் கொடுத்தேன்.

எழுத்து வடிவத்தை மாற்றுவதைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. தும்பிக்கை வைத்த பழைய லை, னை எல்லாம் தமிழ்நாட்டின் 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்குப் பிறகு மெல்ல மெல்லப் போய்விட்டன, பேத்தியால் அவற்றை வாசிக்க முடியாது, புது எழுத்தில் போடத்தான் வேண்டும். வசனத்தைத் தொட்டால் மட்டும் முன்பக்கத்தில் இரண்டு வரி எழுதட்டும்: இன்ன பதிப்பைப் பார்த்தோம், இன்னதை எடுத்தோம் என்று. அதற்கு என்ன பெரிய செலவு?

ஒப்பிட்டுப் பார்க்க மூலப் பிரதி கையில் இருக்க வேணும், எங்களுக்கு அதுதான் பெரும்பாடு. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகத்தோடு தொண்ணூற்றேழாயிரம் புத்தகங்கள் எரிந்தன, பிறகு இடம்பெயர்வுகளில் வீட்டு அலுமாரிகளும் போயின. ஆகவே ஒரு வேலை தருகிறேன். உன் ஐயா வைத்திருந்த ஆறுமுக நாவலரின் பாலபாடங்கள், அந்தப் பழைய பள்ளிப் பாடப் புத்தகங்கள், இன்னும் உன்னிடம் இருந்தால், எந்த வருஷப் பதிப்பு, எந்த அச்சகம் என்று பார்த்து எனக்கு எழுது. ஈழத்துப் பழைய புத்தகங்களை ஸ்கேன் பண்ணிப் போடுகிற நூலகம் நிறுவனத்தின் இணையத்தளத்தில் அந்தப் பதிப்பு இருக்கிறதா என்று நான் தேடிப் பார்க்கிறேன். இல்லாவிட்டால் மார்கழியில் வரும்போது கையோடு கொண்டுவா, ஸ்கேன் பண்ணக் கொடுப்போம். லக்கேஜில் போடாதே.

அன்புடன்,
உன் பழைய வாங்குத் தோழன்