திதி தெரியாத தாத்தாவுக்கு

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

ஆடி அமாவாசையும் தை அமாவாசையும் வந்தால் தர்ப்பணம் எங்கே, எத்தனை மணிக்கு என்று நம் பத்திரிகைகளில் முன்கூட்டியே செய்தி வந்துவிடுகிறது. புரட்டாசியில் வரும் மகாளய அமாவாசைக்கு அந்தக் கவனம் கிடைப்பதில்லை. நம் குடும்பங்களுக்கு மூன்றிலும் முக்கியமானது அதுதான் என்பேன்.

என் தாத்தாவை 1943இல், ஜப்பானியர் ஆட்சியில், பினாங்கின் செபராங் பிறையில் இருந்த ஒரு தோட்டத்திலிருந்து சயாமுக்கு (இன்றைய தாய்லாந்து) ரயில் பாதை போட ஏற்றிக்கொண்டு போனார்கள். அப்பா அப்போது கைக்குழந்தை. தாத்தா திரும்பவில்லை. இறந்த இடமும் தெரியாது, நாளும் தெரியாது. திதி கொடுக்க நாள் இல்லாததால் பாட்டி ஒவ்வோர் அமாவாசைக்கும் படையல் போட்டார். தோட்டத் தொழிலாளர் குடியிருப்பான லயத்துக்குப் பின்னால், ஓரம் பெயர்ந்த மங்குத் தட்டில் வாழையிலை நறுக்கைப் போட்டு, சோறும் பருப்பும் வாழைக்காய்ப் பொரியலும் வைத்துக் காக்கையைக் கூப்பிடுவார். அது வந்து வாய் வைக்கும்வரை வீட்டில் யாருக்கும் சாப்பாடு கிடையாது. ஒருமுறை நல்ல மழை, காக்கை வரவே இல்லை. மூன்று மணிவரை ஈரச் சேலையோடு அங்கேயே நின்றார். நான் பசியில் அழுதேன். "தாத்தா இன்னும் சாப்பிடலடா" என்றார்.

இறந்த திதி தெரியாதவர்களுக்கு மகாளய அமாவாசையில் கொடுக்கலாம். 'மறந்தவனுக்கு மகாளயம்' என்றே நம்மிடம் ஒரு சொல் உண்டு. பாட்டிக்கு இதைச் சொல்ல ஆள் இல்லை. எனக்கே அப்பா தவறி, நான் தர்ப்பணத்துக்கு உட்கார ஆரம்பித்த பிறகுதான் தெரிந்தது. இன்னொன்றும் அப்போதுதான் தெரிந்தது. மூன்று தலைமுறையின் பெயர்களைச் சொல்லி எள்ளும் தண்ணீரும் இறைத்து முடித்ததும், தாய், தகப்பன், உறவு என்று யாருமே இல்லாதவர்களுக்காகவும் கடைசியில் நீர் விடுகிறோம். மந்திரம் சமஸ்கிருதத்தில் இருப்பதாலும், பின்னால் ஆட்கள் காத்திருக்கும் அவசரத்தாலும், அது பொருள் புரியாமலே போய்விடுகிறது.

அந்த 415 கிலோமீட்டர் சயாம் ரயில் பாதையில் மாண்ட போர்க் கைதிகளில் ஏறத்தாழ 7,000 பேருக்குத் தாய்லாந்தின் காஞ்சனபுரியில் கல்லறைகள் இருக்கின்றன. நம் தோட்டங்களிலிருந்து போய்ப் பல்லாயிரக்கணக்கில் செத்த தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் நடப்படவில்லை. கல்யாணம் ஆகாமலே போனவர்கள், குடும்பத்தோடு போய்க் குடும்பத்தோடு மடிந்தவர்கள்... இவர்களுக்கு எள்ளும் தண்ணீரும் இறைக்க யார் இருக்கிறார்கள்?

பினாங்கிலும் பட்டர்வொர்த்திலும் தர்ப்பணத்துக்கு ஏற்பாடு செய்யும் ஆலய நிர்வாகத்தினரிடம் நான் கேட்பது இதுதான். மகாளய அமாவாசையன்று அந்தக் கடைசிக் கை நீரை விடும் முன் ஒரு நிமிடம் நிறுத்தி, அது யாருக்காக என்று தமிழில் சொல்லுங்கள். சயாம் ரயிலில் போனவர்களையும் நினைத்து விடச் சொல்லுங்கள். தங்கள் பத்திரிகை அந்த நாளை ஒரு வாரம் முன்பே அறிவித்தால், திதி தெரியாமல் தவிக்கும் வீடுகளுக்கும் செய்தி போய்ச் சேரும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
பட்டர்வொர்த், பினாங்கு.