பரணிலிருந்து இறங்கிய தட்டுகளுக்கு ஒரு பிளேயர்

கவாசாகி,
அக்டோபர் மாதம்.

அன்புள்ள நண்பனுக்கு,

உன் கடிதம் போன வாரம் கைக்குக் கிடைத்தது. வீட்டில் எல்லோரும் நலம் என்று அறிந்து மகிழ்ந்தேன், இங்கும் நலமே. அண்ணன் சிங்கப்பூரில் வேலை பார்த்த காலத்தில் ஆசை ஆசையாகச் சேர்த்த 23 லேசர் டிஸ்க்குகள், அதாவது டிவிடிக்கு முந்தைய காலத்துப் பெரிய படத் தட்டுகள், பரணிலிருந்து இறங்கியிருக்கின்றன என்றும், அவற்றோடு வந்த பிளேயரை வீடு மாறும்போது யாரோ எடைக்குப் போட்டுவிட்டார்கள் என்றும் எழுதியிருந்தாய். அண்ணன் இல்லாத வீட்டில் அவர் விரும்பிப் பார்த்த தட்டுகள் மட்டும் பேசாமல் இருக்கின்றன என்ற உன் வரியைப் படித்துவிட்டு என்னால் சும்மா இருக்க முடியவில்லை. பிளேயர் ஒன்றை வாங்கிவிட்டேன். டிசம்பரில் ஊருக்கு வரும்போது எடுத்து வருகிறேன். அதற்கு முன்னால் நீ தெரிந்துகொள்ள வேண்டியவை நிறைய இருக்கின்றன. இந்த இயந்திரத்தை இனிமேல் பார்த்துக்கொள்ளப் போகிறவன் நீதான்.

லேசர் டிஸ்க் முதலில் விற்பனைக்கு வந்தது 1978 டிசம்பரில், அமெரிக்காவின் அட்லாண்டா நகரில். ஜப்பானில் பயனியர் நிறுவனம் 1981இல் அதைக் கொண்டுவந்து, மற்றவர்கள் எல்லாம் கைவிட்ட பிறகும் விடாமல் தயாரித்து, 2009 ஜனவரியில்தான் பிளேயர் உற்பத்தியை நிறுத்தப்போவதாக அறிவித்தது. ஆகவே இன்று நீ எந்தப் பிளேயரை வாங்கினாலும் அது பழையதுதான். ஆனால் இந்த ஊரில் அவை இன்னும் அகப்படுகின்றன. ஹார்டு ஆஃப் போன்ற பழைய பொருள் கடைகளில் 'ஜங்க்' என்று ஓர் அலமாரி இருக்கும். அந்தச் சொல்லுக்கு இங்கே உடைந்த பொருள் என்று பொருளில்லை. கடைக்காரர் எந்த உத்தரவாதமும் தரமாட்டார், திருப்பிக் கொடுக்கவும் முடியாது என்றுதான் பொருள். பார்த்து எடுக்கத் தெரிந்தவனுக்கு நல்ல பொருள் கிடைக்கும் இடம் அதுவே.

நான் கையில் ஒரு தட்டை எடுத்துக்கொண்டுதான் போனேன். பழைய பிளேயர் வாங்கப் போகிறவன் நன்றாக ஓடும் என்று தனக்கு உறுதியாகத் தெரிந்த தட்டு ஒன்றைக் கொண்டுபோக வேண்டும். இல்லாவிட்டால் திரையில் தெரியும் கோளாறு தட்டினுடையதா இயந்திரத்தினுடையதா என்று கடைசிவரை தெரியாது. அலமாரியில் இருந்த இரண்டில் ஒன்று தட்டை ஒழுங்காக உள்வாங்கியது, சுழற்றியது, ஆனால் படத்தைப் பிடிக்கவே இல்லை. சுழல்வது, நிற்பது, மறுபடி சுழல்வது என்று மூன்று முறை முயன்றுவிட்டுத் தட்டை வெளியே தள்ளிவிட்டது. இன்னொன்றில் பொத்தானை அழுத்தினால் உள்ளே மோட்டார் முனகியதே தவிர, தட்டை வைக்கும் ட்ரே வெளியே வரவில்லை. விரல் நுனியால் மெல்ல இழுத்துக் கொடுத்ததும் வந்தது. தட்டை வைத்துத் தள்ளிவிட்டதும் பிடித்துக்கொண்டு, சில நொடிகளில் படத்தைக் காட்டியது. முதல் பக்கம் அருமையாக ஓடியது. இரண்டாம் பக்கத்துக்குப் போகச் சொன்னபோது பாதி வழியில் நின்றுவிட்டது.

மூவாயிரம் யென் கொடுத்து இரண்டாவதைத்தான் வாங்கினேன். நாம் இருவரும் வீடியோ கேசட் ஓட்டும் வி.சி.ஆர். பழுதுபார்த்த காலத்தை நினைத்துக்கொள், காரணம் உனக்கே விளங்கும். ட்ரே வராதது பெல்ட் தளர்ந்ததன் அடையாளம். பாதி வழியில் நிற்பது கிரீஸ் இறுகியதன் அடையாளம். இரண்டும் கையால் தீரக்கூடியவை. படத்தையே பிடிக்காத பிளேயரில், தட்டை ஒளியால் படிக்கும் பாகமான லேசர் பிக்கப் தேய்ந்திருக்கலாம், சுழற்றும் மோட்டார் தளர்ந்திருக்கலாம். அவற்றுக்குப் புதிய உதிரிபாகம் இன்று கிடையாது, இன்னொரு பிளேயரைப் பலி கொடுத்துத்தான் எடுக்க வேண்டும். விளம்பரத்தில் போட்டிருந்த சிறப்பம்சங்கள் எத்தனை என்று பார்த்து வாங்குகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிப்பதில்லை. முப்பது ஆண்டு கடந்த இயந்திரத்தில் எது பழுதாகியிருக்கிறது என்பதைவிட, பழுதானது நம்மால் சரிசெய்யக்கூடியதா என்பதுதான் பெரிய கேள்வி என்று நான் நினைக்கிறேன்.

வீட்டுக்குக் கொண்டுவந்து, மின்சாரத்தைத் துண்டித்து, ஒரு மணி நேரம் விட்டுவைத்த பிறகு மூடியைக் கழற்றினேன். உள்ளே பார்த்தால் உனக்கு ஆசையாக இருக்கும். தட்டின் இரு பக்கங்களையும் நாம் புரட்டிப் போடாமலே படிப்பதற்காக, பிக்கப் ஏறியிருக்கும் வண்டி கீழே ஒரு தண்டவாளத்தில் ஓடி, ஓரத்தில் 'ப' வடிவத்தில் வளைந்து மேலேறி, தலைகீழாகத் திரும்பி, தட்டின் மேல்பக்கத்துக்குப் போகிறது. அந்த வளைவில் தொழிற்சாலையில் பூசிய வெள்ளைக் கிரீஸ், பழுத்த மஞ்சளாகி மெழுகுபோல் உறைந்திருந்தது. நகத்தால் கீறினால் துருவலாக வந்தது. வண்டி அங்கே சிக்கிக்கொண்டதில் வியப்பே இல்லை.

மூங்கில் குச்சியால் அதைச் சுரண்டியெடுத்து, ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் தோய்த்த பஞ்சால் தண்டவாளத்தையும் பல்சக்கரங்களின் ஒவ்வொரு பல்லையும் துடைத்தேன். பிறகு பிளாஸ்டிக்கைக் கெடுக்காத கிரீஸை மிக மெல்லிய பூச்சாகத் தடவினேன். அதிகம் தடவினால் நல்லது என்று எண்ணிவிடாதே. கூடுதல் கிரீஸ் தூசியைச் சேர்த்துக்கொண்டு, தெறித்தால் லென்ஸ்வரை போகும். ட்ரேயின் பெல்ட் எடுத்த கையில் கறுப்பாக ஒட்டிக்கொண்டது. கப்பியில் படிந்த அந்தக் கறையையும் ஆல்கஹாலால் துடைத்த பிறகுதான் புதிய பெல்ட் போட வேண்டும். இல்லையேல் புதியதும் வழுக்கும். பழைய பெல்ட் நீண்டு போயிருக்கும் என்பதால் அதன் அளவுக்கே புதியதை வாங்கக் கூடாது, கொஞ்சம் சிறியதாகப் பார்க்க வேண்டும். இரண்டு பெல்ட் கூடுதலாக வாங்கி வைத்திருக்கிறேன். அவையும் தேய்ந்த பிறகு சென்னை ரிச்சி தெருவின் மின்னணுக் கடைகளில் தேடினால் உனக்குக் கிடைக்காமல் போகாது.

லென்ஸை மட்டும் கடைசியில் தொட்டேன். உளுந்து அளவே உள்ள அந்தக் கண்ணாடி, மயிரிழை போன்ற தாங்கிகளில் மிதந்துகொண்டிருக்கிறது. அழுத்தினால் தாங்கி கோணிவிடும். முதலில் காற்றூதும் பந்தால் தூசியை ஊதிவிட்டு, ஈரம் பட்டும் படாமலும் இருக்கும் பஞ்சுக் குச்சியால் அதன் எடை மட்டுமே படும்படி ஒருமுறை வருடினேன், அவ்வளவுதான். பிக்கப்பின் அருகில் இருக்கும் சிறு திருகுகளைத் திருப்புளியால் திருகிப் பார்க்கும் ஆசை உனக்கு வரும், உன்னை எனக்குத் தெரியும். தயவுசெய்து தொடாதே. அவை தொழிற்சாலையில் கருவி வைத்துச் சரிசெய்யப்பட்டவை. மூடி திறந்திருக்கும்போது பிளேயரை ஓடவிட நேர்ந்தால் லென்ஸை நேராக எட்டிப் பார்க்காதே. அந்த லேசர் கண்ணுக்கு ஏறக்குறையத் தெரியாத அகச்சிவப்பு ஒளி என்பதால் ஆபத்து அதிகம்.

எல்லாவற்றையும் மூடி அன்றிரவே ஓடவிட்டேன். இரண்டாம் பக்கத்துக்கு வண்டி ஏறிப் போனதைக் காதால் கேட்டேன். முன்பு கறகறவென்று நின்ற இடத்தில் இப்போது ஒரு சிறு உராய்வுகூட இல்லை. என் மனைவி எழுந்துவந்து, நள்ளிரவில் மிக்சி ஓடுகிறதா என்று கேட்டாள். எல்.பி. வகைக் கிராமபோன் தட்டு நிமிடத்துக்கு 33 சுற்றுதான் சுற்றும். அதே 30 சென்டிமீட்டர் அகலத்தில் இன்னும் கனமான இந்தத் தட்டோ 1800 சுற்றுவரை சுற்றுகிறது. இரைச்சல் வராமல் இருக்குமா? நீ கவனிக்க வேண்டியது இரைச்சல் இருக்கிறதா என்பதை அல்ல. வழக்கமான இரைச்சல் மாறுகிறதா என்பதை. தடதடவென்ற அதிர்வு கேட்டால் உடனே நிறுத்தித் தட்டு சரியாக உட்கார்ந்திருக்கிறதா என்று பார்.

உன்னிடம் மனம்விட்டுச் சொல்ல வேண்டிய ஒன்று உண்டு. டிவிடியில் படம் எண்களாகப் பதிந்திருக்கிறது. இயந்திரம் அவற்றைப் படித்துவிட்டால் படம் முழுமை, படிக்காவிட்டால் கட்டம் கட்டமாக உடையும். லேசர் டிஸ்க் அப்படியல்ல. ஒலியில் மட்டும் பிற்காலத்தில் சிடி தரத்தில் இலக்கமுறைத் தடம் சேர்ந்தது. படமோ அலைவடிவமாகவே, தட்டில் உள்ள நுண்குழிகளின் நீளத்திலும் இடைவெளியிலும் பொதிந்திருக்கிறது. லென்ஸில் தூசி படிந்தால் படத்தில் மணல் தூவியதுபோல் தெரியும். தட்டு வளைந்து பிக்கப் அதற்கேற்பச் சாயாவிட்டால் பக்கத்துச் சுற்றின் நிழல் திரையில் மழைத் துடைப்பான்போல் ஊர்ந்து போகும். இயந்திரத்தின் உடல்நிலை முழுவதும் படத்தில் தெரிகிறது. துடைத்து முடித்த பிறகு நான் பார்த்த முகங்களின் தோல் நிறமும், இருட்டிலிருந்த திரைச்சீலையின் மடிப்பும் கடையில் பார்த்த அதே தட்டில்தான் இருந்தன. நாம் ஒழுங்காகப் பார்க்க வழி செய்ததும் அவை வெளிவந்தன. இந்த வேலையில் எனக்கு இருக்கும் மகிழ்ச்சி அதுதான்.

உன் தொலைக்காட்சியில் இணைக்கும்போது மஞ்சள் கம்பியிலேயே முதலில் பார். எஸ்-வீடியோ துளை இருந்தால் அதுதான் சிறந்தது என்று பலர் சொல்வார்கள். தட்டில் நிறமும் ஒளியும் ஒன்றாகக் கலந்தே பதிவாகியிருக்கின்றன. எங்கேயாவது அவற்றைப் பிரித்தாக வேண்டும். எஸ்-வீடியோவில் அந்த வேலையைப் பழைய பிளேயர் செய்கிறது, மஞ்சள் கம்பியில் உன் தொலைக்காட்சி செய்கிறது. யாருடைய பிரிப்பு நன்றாக இருக்கிறது என்று கண்ணால் பார்த்து முடிவு செய். படத்தைப் பதிவதற்கு என்டிஎஸ்சி, பிஏஎல் என்று இரண்டு தொலைக்காட்சி முறைகள் உண்டு; இந்தப் பிளேயர் என்டிஎஸ்சி தட்டுகளை மட்டுமே ஓட்டும். அண்ணனின் உறைகளில் பிஏஎல் என்று அச்சிட்டிருந்தால் உடனே எழுது, அதற்கு வேறு பிளேயர் தேட வேண்டும்.

மின்சாரத்தில் மிகவும் எச்சரிக்கையாக இரு. இங்கே 100 வோல்ட். நம் ஊர் 230 வோல்ட்டில் நேராகச் செருகினால் ஒரு நொடியில் எல்லாம் முடிந்துவிடும். 110 அல்ல, 100 வோல்ட் தரும் டிரான்ஸ்ஃபார்மர் வேண்டும். பிளேயரின் பின்தகட்டில் போட்டிருக்கும் வாட் அளவைப்போல் இரு மடங்கு தாங்குவதாகச் சொல்லி வாங்கி வை. அலைவெண்ணைப் பற்றிக் கவலைப்படாதே. ஜப்பானில் கிழக்குப் பகுதிக்கு 50 ஹெர்ட்ஸ், மேற்குப் பகுதிக்கு 60 ஹெர்ட்ஸ் என்று இரண்டும் இருப்பதால், இந்த ஊர்ப் பிளேயர் இரண்டுக்கும் ஏற்றபடி செய்யப்பட்டது.

இனி தட்டுகள். ஒவ்வொன்றும் இரண்டு அக்ரிலிக் தகடுகளை ஒட்டிச் செய்தது. உள்ளே பளபளப்பது அலுமினியப் படலம். ஒட்டு சரியில்லாத தட்டுகளில் அந்தப் படலம் காலப்போக்கில் அரித்துப்போகும். இதைத்தான் லேசர் அரிப்பு என்கிறார்கள். தட்டைக் கையில் பிடித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. திரையில் வண்ணப் பொட்டுகள் மினுமினுத்தால்தான் தெரியும். அரிப்பைச் சரிசெய்ய வழியில்லை. இதை முன்கூட்டியே சொல்வதற்குக் காரணம், பரணின் வெயிலிலும் ஈரத்திலும் இத்தனை ஆண்டு கிடந்த 23 தட்டுகளில் சில அப்படிப் போயிருக்கக்கூடும். அந்த நேரத்தில் நீ மனம் உடைந்துவிடக் கூடாது.

அதற்காக இப்போதே செய்ய வேண்டியவை உண்டு. எல்லாத் தட்டுகளையும் புத்தகம்போல் நேராக நிறுத்தி வை. ஒன்றின்மேல் ஒன்றாகப் படுக்கவைத்தால் வளையும். பூஞ்சை பிடித்த உறைகளிலிருந்து எடுத்துப் புதிய உள்ளுறை போடு, ஆனால் அட்டைகளைத் தூக்கி எறியாதே. ஆல்கஹாலைத் தட்டின் அருகில்கூடக் கொண்டுபோகாதே; இயந்திரத்தின் உலோகத்துக்கு நல்லதாக இருக்கும் அதுவே அக்ரிலிக்கில் மயிரிழை விரிசலை உண்டாக்கும். சுத்திகரித்த நீரில் பாத்திரம் துலக்கும் திரவம் ஒரு சொட்டு விட்டு, மென்துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கித் துடை. வட்டமாகத் துடைத்தால் விழும் கீறல் தடத்தோடு சேர்ந்து ஓடும். நன்றாக உலர்ந்த பிறகே பிளேயரில் போட வேண்டும்.

பிளேயர் வந்த பிறகு மாதம் ஒருமுறையாவது இரண்டு பக்கமும் ஓடவிடு. சும்மா கிடந்தால்தான் கிரீஸ் உறையும், பெல்ட் ஒரே இடத்தில் மடிப்பு விழும். இடம் மாற்றும்போது உள்ளே தட்டை விட்டுவைக்காதே. பயணத்துக்கு நானும் அப்படியே காலியாகத்தான் கட்டப் போகிறேன். ஒன்பது கிலோ இருக்கிறது; என் துணிமணிகளை வேறு பெட்டிக்கு மாற்றிக்கொள்வதாக மனைவியிடம் சொல்லிவிட்டேன்.

அடுத்த கடிதத்தில் ஒவ்வொரு உறையின் பின்பக்கத்தையும் பார்த்து எழுது. சிஏவி என்று போட்டிருந்தால் ஒரு பக்கம் 30 நிமிடம், ஆனால் எந்தப் படச்சட்டத்தையும் அசையாமல் நிறுத்திப் பார்க்கலாம். சிஎல்வி என்றால் ஒரு பக்கம் 60 நிமிடம். அண்ணன் அடிக்கடி போட்டுக் காட்டுவார் என்று நீ எழுதியிருந்த அந்தத் தட்டு இரண்டில் எந்த வகை என்று முதலில் சொல். டிவி அலமாரியின் ஆழத்தையும் அளந்து எழுது. ட்ரே வெளியே நீள இன்னும் ஓர் அடிக்கு மேல் முன்னால் இடம் வேண்டும். அலமாரிக்குக் கதவு இருந்தால் இப்போதே கழற்றி வைத்துவிடு.

அன்புடன்,
உன் பழைய நண்பன்