கீழ் டிவிஷன் கால்பந்து கிளப் செயலாளர்களுக்கு: கோல்கீப்பரை நீக்குவதற்கு முன் தரையைப் பாருங்கள்

மதிப்புக்குரிய செயலாளர்களுக்கு,

வணக்கம். லீக் பதிவு நெருங்கினாலே "கீப்பருக்கு முப்பத்தஞ்சு ஆயிடுச்சு, சின்னப் பையனா பாருங்க" என்ற பேச்சு கிளம்பிவிடுகிறது. முன்னாள் இங்கிலாந்து அணிக் கீப்பர் பீட்டர் ஷில்டன் தன் 1000ஆவது லீக் ஆட்டத்தை 1996 டிசம்பரில், 47 வயதில், இங்கிலாந்தின் நான்காம் நிலை டிவிஷனில் லேட்டன் ஓரியன்ட் அணிக்காக ஆடினார். அன்று கோலும் விடவில்லை. நம் ஊர்க் கீப்பர்களின் இடுப்பையும் தோளையும் காலி செய்வது பெரும்பாலும் வயதல்ல, கோல்போஸ்ட்டுக்கு முன்னால் இருக்கும் தரை.

கோல் கோட்டிலிருந்து மூன்று மீட்டருக்குள்தான் கீப்பர் அதிகம் விழுகிறார். அங்கே புல் நிற்காது. வெயிலில் மண் இறுகிப்போகும், மழையில் நடுவே குழி விழுந்து தண்ணீர் தேங்கும். போஸ்ட்டுக்குப் போஸ்ட் 7.32 மீட்டர், பக்கத்துக்கு அரை மீட்டர் கூட்டிக்கொண்டால் ஏறக்குறைய 25 சதுர மீட்டர். அதைப் பத்து சென்டிமீட்டர் ஆழம் கொத்தி, கல்லையும் செங்கல் துண்டையும் சலித்தெடுத்து, அரை யூனிட் மணலைக் கலந்து தண்ணீர் விடுங்கள். மைதானத்தின் இரண்டு கோல்போஸ்ட்டுக்கும் சேர்த்து ஒரு யூனிட் போதும். எம்-சாண்ட் வேண்டாம்; அதன் கூர்முனை தோலையும் கிளவுஸையும் ஒருசேரக் கிழிக்கும். ஆற்று மணல் விலை எங்களுக்கும் தெரியும், ஆனாலும் கேட்கிறோம். கொத்திய இடத்தில் ரோலர் ஓட்டாதீர்கள், காலால் மிதித்துச் சமன் செய்தால் போதும். மிதிக்காமல் விட்டால் குதிக்கும் கால் புதைந்து முட்டி திரும்பிவிடும்.

அடுத்தது பயிற்சி. இருபது பேர் வரிசையில் நின்று பதினெட்டு கெஜத்திலிருந்து அடிப்பது ஃபார்வர்டுகளுக்கான பயிற்சி. அதில் கீப்பர் வெறும் சுவர். களைத்த கீப்பர் கையை ஊன்றி விழுகிறார், அடி நேராகத் தோள்பட்டைக்கு ஏறுகிறது. முதலில் கால் நகர்வும் கேட்சும். பிறகு முட்டி போட்ட நிலையிலிருந்து டைவ். அதன் பிறகே நின்ற நிலையிலிருந்து. கெண்டைக்கால், தொடை, இடுப்பு, தோளின் பக்கம் என்ற வரிசையில் தரை தொட வேண்டும். பக்கத்துக்கு ஆறு டைவ், பிறகு ஓய்வு.

கிளவுஸ் ஆட்டத்துக்கு ஒன்று, பயிற்சிக்கு ஒன்று. ஆட்டம் முடிந்ததும் வெறும் தண்ணீரில் அலசி நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் போட்டால் உள்ளங்கையிலுள்ள லேடெக்ஸ் ரப்பர் வெடிக்கும், ஈரத்தோடு பையில் அடைத்தால் பிசுபிசுத்து உரியும்.

விரல் பிசகினால் மைதானத்தில் யாரும் இழுத்துவிடக் கூடாது. எலும்பு முறிந்திருக்கலாம், எக்ஸ்ரே எடுங்கள். விரல் நுனி தொங்கி, தானாக நிமிராவிட்டால் தசைநாண் அறுந்திருக்கும். மருத்துவர் விரலில் போடும் கட்டு ஆறு வாரமாவது கழறாமல் இருக்க வேண்டும். குளிக்கும்போது ஒரு முறை நுனி மடங்கினாலும் கணக்கு முதலிலிருந்து தொடங்கும். இதைக் கீப்பரின் வீட்டிலும் சொல்லிவிடுங்கள்.

2025 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த விதியும் மூத்த கீப்பர்களைத்தான் அதிகம் சிக்கவைக்கும். பந்தை எட்டு வினாடிக்கு மேல் கையில் வைத்திருந்தால் எதிரணிக்குக் கார்னர். கடைசி ஐந்து வினாடியை நடுவர் கையை உயர்த்தி எண்ணிக் காட்டுவார். பந்தை அணைத்துக்கொண்டு கிடந்து நேரம் கடத்திய பழக்கம் ஒரு பேச்சில் போகாது. பயிற்சியில் ஒவ்வொரு கேட்ச்சுக்கும் ஒருவர் உரக்க எண்ணட்டும்.

விரலில் கட்டுப் போட்டிருக்கும் அந்த ஆறு வாரத்துக்கு இரண்டாம் கீப்பர் ஒருவரைப் பதிவிலேயே சேர்த்து வையுங்கள். இல்லையென்றால் ஆட ஆளில்லாமல் மூன்றாம் வாரத்திலேயே கட்டு அவிழ்ந்துவிடும்.

இப்படிக்கு,
மாவட்ட லீக் கோல்கீப்பர் பயிற்சியாளர்கள் சிலர்