அம்புக்குறி போட்டால் பாதை ஆகிவிடுமா?

ஆசிரியருக்கு வணக்கம்.

ஆஸ்திரேலியாவின் முதல் குடிகள் எந்த வழியாகப் பரவினார்கள் என்று அம்புக்குறி போட்ட வரைபடத்தோடு சென்ற இதழில் வந்த கட்டுரையை இரண்டு முறை படித்தேன். கட்டுரையில் குறையில்லை. தலைப்புதான் உறுத்தியது: ‘ஆதிமனிதன் நடந்த பாதையைக் கணினி கண்டுபிடித்தது!’ கட்டுரைக்குள் அப்படி ஒரு வரிகூட இல்லையே.

கட்டுரை சொல்லும் ஆய்வு 2021-இல் வெளிவந்தது. அதில் கணினி செய்தது என்ன? கடல்மட்டம் தாழ்ந்து நியூ கினியா, ஆஸ்திரேலியா, டாஸ்மேனியா மூன்றும் ஒரே நிலமாக இருந்த காலம் அது. அந்த நிலத்தை சாகுல் என்கிறார்கள். அதன் மேடுபள்ளங்களைக் கணினிக்குக் கொடுத்தார்கள். பத்து கிலோ சுமையோடு நடக்கும் 25 வயதுப் பெண்ணுக்கு எந்த வழி அலுப்புக் குறைவு, தண்ணீர் எங்கே கிடைக்கும், தூரத்திலிருந்தே அடையாளம் தெரியும் மலை எது என்று கணக்குப் போட்டு, 12,500 கோடிக்கும் மேற்பட்ட வழிகளை ஒப்பிட்டார்கள். வந்த விடையை 35,000 ஆண்டுகளுக்கு முந்தைய தொல்லிடங்களோடு பொருத்தியும் பார்த்தார்கள். பெரிய உழைப்புதான். ஆனால் கணினி சொன்னது ‘இந்த வழி எளிது’ என்பதை மட்டுமே. ‘இந்த வழியில் போனார்கள்’ என்று சொல்ல மண்ணைத் தோண்டித்தான் ஆக வேண்டும். அதிலும் அன்றைய கடற்கரை இன்று கடலுக்கடியில் கிடக்கிறது.

நான் முப்பது வருடம் நில அளவையராக இருந்தவன். எங்கள் ஊரிலிருந்து பக்கத்து ஊருக்குப் போகும் ஒற்றையடிப் பாதை நடுவில் பெரிய வளைவு போட்டுத்தான் போகும். அங்கே மேடும் இல்லை, ஓடையும் இல்லை. ஒரு காலத்தில் சுடுகாடு இருந்தது, அவ்வளவுதான். இதைக் கணினிக்கு யார் சொல்வது?

அதற்காக, இப்படிக் கணினியில் நடத்திப் பார்க்கும் சிமுலேஷனே வீண் என்று சொல்ல வரவில்லை. ‘இப்படி நடந்திருக்க முடியாது’ என்று காட்டுவதில்தான் அதன் பலம். பசிபிக் கடலில் சிதறிக் கிடக்கும் பாலினேசியத் தீவுகளை எடுத்துக்கொள்ளுங்கள். திசை தவறிக் காற்றில் அடித்துப் போன படகுகள்தான் தொலைதூரத் தீவுகளில் மனிதர்களைக் கொண்டு சேர்த்தன என்று 1956-இல் வரலாற்றாசிரியர் ஆண்ட்ரூ ஷார்ப் வாதிட்டார். சரி, சோதித்துப் பார்ப்போமே என்று லெவிசன், வார்டு, வெப் என்ற மூன்று ஆய்வாளர்கள் இறங்கினார்கள். காற்று, நீரோட்டத் தரவுகளைக் கொடுத்து, அந்தக் காலத்துக் கணினியிலேயே ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட முறை படகுகளை மிதக்கவிட்டார்கள். நடுக்கடலில் உயிர் போகும் வாய்ப்பையும் கணக்கில் சேர்த்திருந்தார்கள். சும்மா மிதந்து ஹவாய்க்கோ நியூசிலாந்துக்கோ ஈஸ்டர் தீவுக்கோ போய்ச் சேர அநேகமாக வழியே இல்லை என்று 1973-இல் வெளியிட்டார்கள். திசை தெரிந்து பாய் விரித்தவர்களால்தான் முடிந்திருக்கும்.

அப்புறம் 1976-இல் ஹோகுலேயா என்ற இரட்டைப் படகு ஹவாயிலிருந்து தாஹிட்டிக்குப் போனது. திசைகாட்டிக் கருவி எதுவும் இல்லாமல், விண்மீன்களையும் அலைகளையும் பார்த்தே வழி நடத்தினார் மைக்ரோனேசிய மாலுமி மாவ் பியாய்லுக். போயிருக்க முடியும் என்பதற்குக் கணினியால் தர முடியாத சாட்சி அது. அவர் பெயர் உங்கள் கட்டுரையில் இல்லாதது எனக்குக் கொஞ்சம் வருத்தம்தான்.

ஒரு வேண்டுகோள். அடுத்த முறை அம்புக்குறி போட்ட வரைபடம் அச்சிட்டால், உண்மையில் தோண்டிப் பார்த்த இடங்களையும் அதிலேயே புள்ளி வைத்துக் காட்டுங்கள். அம்பு எங்கே வெறும் கணக்கில் ஓடுகிறது, எங்கே எலும்பையோ கற்கருவியையோ தொட்டுப் போகிறது என்று நாங்களே பார்த்துக்கொள்வோம். தலைப்பில் ‘கண்டுபிடித்தது’ வேண்டாம், ‘கணித்தது’ போதும். மூன்று எழுத்து மிச்சமும் ஆகும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற நில அளவையர்,
தென்காசி