காரைக்குடி கம்ப்யூட்டர் கடைக்காரர்களுக்கு ஒரு திறந்த மடல்

அண்ணன்மாருக்கு வணக்கம்.

ஆத்தங்குடி டைல்ஸ் பட்டறைகளுக்கு டிசைன் வரைந்து கொடுக்கிறவன் நான். கண்ணாடி மேல் அச்சை வைத்துச் சாயக் கலவையை ஊற்றும் முன்னால், பூ எப்படி விழும் என்று திரையில் காட்ட வேண்டும். எல்லாம் உபுண்டுவில்தான், அதாவது விண்டோஸுக்குப் பதிலாகப் போடும் ஒரு லினக்ஸ் இயங்குதளத்தில்.

போன மாதம் என் கம்ப்யூட்டரில் திரைக்குப் படம் அனுப்பும் பழைய என்விடியா கிராஃபிக்ஸ் கார்டின் விசிறி நின்று, திரை முழுக்கக் கோடு கோடாக வந்தது. உங்களில் ஒருவரிடம் வேறு கம்பெனியான ஏஎம்டியின் கார்டு வாங்கி மாட்டினேன். லோகோ வந்தது, அப்புறம் கறுப்புத் திரை, இடது மூலையில் ஒரு சின்னக் கோடு மட்டும் மின்னிக்கொண்டிருந்தது. கேபினட்டைக் கடைக்கே தூக்கிக்கொண்டு போனேன். "லினக்ஸ்னா இப்படித்தான், ஃபார்மேட் பண்ணி விண்டோஸ் போட்டுடலாம்" என்றார்கள். மூன்று வருட டிசைன் அந்த டிஸ்கில் இருக்கிறது. மனசு கேட்கவில்லை, திருப்பி எடுத்து வந்துவிட்டேன்.

கார்டில் பழுதே இல்லை. இப்போதைய ஏஎம்டி கார்டுகளை இயக்கும் மென்பொருளான டிரைவர் (amdgpu) 2015 முதலே லினக்ஸின் மையப் பகுதியான கெர்னலுக்குள் இருக்கிறது, தனியாக எதுவும் போட வேண்டாம். பழைய என்விடியா டிரைவரும், "என்விடியாவையே தேடு" என்று, திரையில் படம் காட்டும் மென்பொருளான எக்ஸ்ஆர்க்குக்குச் சொல்லும் அமைப்புக் கோப்பும் டிஸ்கிலேயே தங்கிவிட்டதுதான் கோளாறு. கோளாறு சரிசெய்யவென்றே உபுண்டுவில் இருக்கும் ரெக்கவரி மோடில் போய் இரண்டையும் நீக்கினேன். அடுத்த பூட்டில் படம் வந்துவிட்டது. பழைய கார்டைக் கழற்றும் முன்பே டிரைவரை எடுத்திருந்தால் இந்த அலைச்சலே இல்லை.

அதனால் ஒரு வேண்டுகோள். கல்லாப்பெட்டி பக்கத்தில் உபுண்டு ஏற்றிய பென் டிரைவ் ஒன்று வைத்திருங்கள். இன்ஸ்டால் செய்யாமலே அதிலிருந்து பூட் ஆகும். அதில் படம் வந்தால் கார்டு நல்லது, கோளாறு டிஸ்கில் என்று அங்கேயே தெரிந்துவிடும். வராவிட்டாலும் கார்டைக் குறை சொல்ல அவசரப்பட வேண்டாம்: அண்மையில் வந்த கார்டைப் பழைய கெர்னலுக்கு அடையாளம் தெரியாது, உபுண்டுவின் புதிய பதிப்பில் பார்க்க வேண்டும்.

என்விடியா வாங்குகிறவரிடம், நம்பகமான மென்பொருளை மட்டும் பூட்டில் அனுமதிக்கும் செக்யூர் பூட் பற்றியும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். அது ஆனில் இருந்தால், டிரைவர் போட்டபின் அடுத்த பூட்டில் ஒரு நீலத்திரை வந்து, டிரைவர் போடும்போது வைத்த பாஸ்வேர்டைக் கேட்கலாம். பயந்துபோய் அதைத் தாண்டிவிட்டால் டிரைவர் ஏறாது.

பட்டறைச் சாமான் வாங்க வாரம் ஒருமுறை காரைக்குடி வருகிறேன். காலிப் பென் டிரைவ் ஒன்றை எடுத்து வையுங்கள், நானே ஏற்றித் தருகிறேன்.