க்ளைம்பர் வாங்குமுன் மரத்தைப் பார்

சார்லட்,
ஆகஸ்ட் 18

அன்புள்ள சேகர்,

கடிதம் கிடைத்தது. மேக்கன் வீடு ஒருவழியாக ஒழுங்குக்கு வந்ததில் சந்தோஷம். இங்கே மகளுக்குக் கல்லூரி திறந்துவிட்டது, வீடு வெறிச்சென்று இருக்கிறது. மற்றபடி எல்லோரும் நலம்.

மான் வேட்டைக்கு க்ளைம்பர் ஸ்டாண்ட் (கேபிளாலும் பல்லாலும் மரத்தைப் பிடித்துக்கொண்டு, மேலே இருக்கை, கீழே மேடை என இரண்டு பகுதியையும் மாற்றி மாற்றி உயர்த்தி ஏறும் பரண்) எது வாங்கலாம் என்று ஏழெட்டு மாடல் எழுதி அனுப்பியிருக்கிறாய். அதை அப்படியே மடித்து வை. நீ போகப்போவது ஜார்ஜியாவின் பீட்மான்ட் தேசிய வனவிலங்குப் புகலிடம். முதலில் அங்கே என்ன மரம் நிற்கிறது என்று பார்.

பருத்தி போட்டுப் போட்டுச் சத்துப்போன நிலம் அது. 1939இல் புகலிடமாக்கினார்கள். இன்று சுமார் 35,000 ஏக்கர், மேட்டு நிலமெல்லாம் லாப்லாலி பைன். கிளையில்லாமல் நெட்டுக்கு நிற்கும், பட்டை கரடுமுரடு, பல் நன்றாகப் பிடிக்கும். க்ளைம்பருக்கு இதைவிடத் தோதான மரம் கிடையாது. ஆனால் செப்டம்பரில் ஏகோர்ன் (ஓக் மரக் கொட்டை) கொட்டத் தொடங்கினால் வெள்ளை வால் மான் ஓடையோரத்து வெள்ளை ஓக் அடியில்தான் நிற்கும். ஓக் தாழக் கிளைவிடுகிற மரம். கிளை குறுக்கிட்டால் கேபிள் தாண்டாது, மேலே வைத்துக் கேபிளைக் கழற்றி மாட்டுவது தற்கொலைக்குச் சமம். அதனால் ஓக்கிலிருந்து 20 கெஜத்துக்குள், காற்று உன்னிடமிருந்து மான் வரும் பக்கம் போகாதபடி, ஒரு பைனைத் தேடு. அப்படி ஒன்று கிடைக்காத ஓடைப் பள்ளத்திலேயே பெரும்பாலும் உட்காரப் போகிறாய் என்றால் க்ளைம்பரே வேண்டாம். ஏணிக்குச்சியும் சிறு தொங்கு ஸ்டாண்டும், இல்லாவிட்டால் சேடிலும் (இடுப்பில் கட்டி மரத்தில் சாய்ந்து தொங்கும் பட்டை இருக்கை) வாங்கு.

ஷாக்பார்க் ஹிக்கரியில் ஏறாதே. அதன் பட்டை பலகை பலகையாக உரிந்து தொங்கும். பல் கடிப்பது அந்தப் பட்டையை, உள்ளே இருக்கும் மரத்தை இல்லை. வண்டு அரித்துக் காய்ந்த பைனும் அப்படியே. ஊசியிலை பழுத்திருந்தாலோ, பட்டையில் பாப்கார்ன் மாதிரி பிசின் கட்டி தெரிந்தாலோ விலகிப் போ. பீச் மரத்தின் வழவழப் பட்டையில் பனி உறைந்த காலையில் காலை வைக்காதே. புகலிடத்தில் இன்னொன்று: வெள்ளை வளையம் பூசிய பைன்களைக் கண்டால் கிட்டேயே போகாதே. அவை சட்டப் பாதுகாப்புள்ள ஒரு மரங்கொத்தி கூடு குடைந்த மரங்கள். கூட்டைச் சுற்றி விடாமல் கொத்திப் பிசின் வழியவிடும், பாம்பு ஏறாமலிருக்க! கெட்டிக்காரப் பறவை.

இனி அளவு. உன் பட்டியலில் உள்ள சம்மிட் வைப்பர் 8 முதல் 20 அங்குல விட்டமுள்ள மரத்துக்கு, எடை 20 பவுண்டு, தாங்குவது 300 பவுண்டு. விட்டத்தைக் காட்டில் யாரும் அளக்க முடியாது, ஒரு கயிற்றில் 25 அங்குலத்திலும் 63 அங்குலத்திலும் முடிச்சுப் போட்டு வைத்துக்கொள். மரத்தைச் சுற்றினால் சந்திப்பு இந்த இரண்டு முடிச்சுக்கும் நடுவில் விழவேண்டும். அடியில் மட்டும் அளந்து ஏமாறாதே. 20 அடி உயரத்தில் மரம் எவ்வளவு மெலிகிறது என்று அண்ணாந்து பார்.

மெலிவது ஏன் முக்கியம் என்றால், க்ளைம்பர் நிற்பதே நெம்புகோல் வேலையால். உன் எடை மரத்தைவிட்டு வெளியே தள்ளி விழுவதால்தான் பின்பக்கக் கேபிளும் முன்பக்கப் பல்லும் மரத்தை இறுக்குகின்றன. கேபிள் நீளம் மாறாது. மரம் மெலிய மெலிய மேடையின் முன்விளிம்பு தாழும். கீழே சமமாக மாட்டினால் மேலே போனதும் சறுக்குமரத்தில் உட்கார்ந்த கதையாகிவிடும். ஆகவே தரையிலேயே முன்விளிம்பை நாலைந்து அங்குலம் தூக்கி மாட்டு. சில மாடல்களில் உட்கார்ந்தபடியே கேபிளைச் சரிசெய்யலாம். கொஞ்சம் அதிகம் கொடுத்தாலும் அதை வாங்குவது என் கட்சி.

அதே நெம்புகோல்தான் ஆபத்தும். மரத்தை ஒட்டி நின்றாலோ, காலை எடுத்து எடையைக் குறைத்தாலோ கீழ்மேடை பிடி விட்டுச் சரசரவென்று இறங்கிவிடும். நீ இருக்கையில் தொங்குவாய், மேடை தரையில் கிடக்கும். இரண்டு பகுதியையும் இணைக்கும் கயிறு இதற்காகத்தான், அதைக் கட்டாமல் ஒரு அடிகூட ஏறாதே.

இருக்கைக்கு முன்னால் கம்பி இல்லாத திறந்த முகமா, கம்பி உள்ள மூடிய முகமா என்று கேட்டிருந்தாய். வில்லுக்குத் திறந்த முகம். கம்பி இருந்தால் வில்லின் கீழ்முனை தட்டும். துப்பாக்கிக்கு மூடிய முகம் மேல், கம்பியில் சாய்த்துக் குறிவைக்கலாம், ஏறும்போது அதில் உட்கார்ந்தே காலைத் தூக்கலாம். கை ஊன்றி ஏறும் இலகு வகையும் உண்டு. எடை குறைவு, ஆனால் தோள் பலம் வேண்டும். நம் வயசுக்கு வேண்டாம் என்பேன். தாங்கும் எடையைப் பார்க்கும்போது குளிர் உடை, பூட்ஸ், பை, ஆயுதம் எல்லாம் போட்டுக்கொண்டு தராசில் ஏறிப் பார்.

ஸ்டாண்டைத் தோளில் சுமக்க அதோடு வரும் பட்டைகள் பெரும்பாலும் உதவாதவை, அகலமானதாக மாற்றிவிடு. உலோகம் உலோகத்தில் படும் இடமெல்லாம் துணி டேப் சுற்று. இருட்டில் ஒரே ஒரு ‘டிங்’ போதும், மான் அந்தப் பக்கமே வராது.

ஹார்னஸ், அதாவது விழாமல் தாங்கும் பாதுகாப்புப் பட்டை, முழு உடம்புக்குமானதாக இருக்கவேண்டும், அதில் பேரம் கிடையாது. தரையிலேயே பாதுகாப்புக் கயிற்றை மரத்தைச் சுற்றிக் கட்டி, புரூசிக் முடிச்சில் (கையால் நகரும், எடை விழுந்தால் இறுகும் முடிச்சு) ஹார்னஸை இணைத்துவிட்டு, ஏற ஏறக் கயிற்றைத் தலைக்கு மேலே நகர்த்திக்கொண்டே போ. உட்காரும்போது தொய்வு இருக்கக்கூடாது. விழுந்து தொங்கினால் தொடைப் பட்டை ரத்த ஓட்டத்தை அடைக்கும்; கால் ஊன்ற ஒரு பட்டை சட்டைப்பையில் இருக்கட்டும், போனும் கை எட்டும் இடத்தில். துப்பாக்கியைத் தோட்டா எடுத்து, குழல் கீழ்நோக்க, மேலே உட்கார்ந்து கட்டிக்கொண்ட பிறகு கயிற்றில் இழு. ஏறும்போது படி ஒன்றுக்கு எட்டுப் பத்து அங்குலத்துக்கு மேல் ஆசைப்படாதே.

முதல் பழக்கம் வீட்டுக் கொல்லையில், தரைக்கு ஒரு அடி உயரத்தில். ஒவ்வொரு முறையும் கேபிள் நரம்பு பிரிந்திருக்கிறதா, கேபிளைப் பூட்டும் பின் (ஊசி) முழுசாக உட்கார்ந்திருக்கிறதா என்று விரலால் தடவிப் பார். ஆணி, திருகு, போல்ட் அடித்த மரத்தில் உட்கார்ந்து வேட்டையாட மத்தியச் சட்டம் புகலிடங்களில் விடாது; வேறொருவர் திருகிப்போன படி இருந்தாலும் அந்த மரம் உனக்கு ஆகாது. ஜார்ஜியாவில் துப்பாக்கிப் பருவத்தில் இடுப்புக்கு மேல் 500 சதுர அங்குலம் ஆரஞ்சு உடுத்தவேண்டும், அதையும் பையில் வை.

அடுத்த வாரம் போய்ப் பத்துப் பைன்களைக் கயிற்றால் அளந்து எழுது. சுற்றளவு தெரிந்தால் உன் பட்டியலில் பாதி தானாகக் கழிந்துவிடும். மிச்சத்தில் எது என்று போனில் பேசலாம்.

அன்புடன்,
ராஜா