பொன்மலை குவார்ட்டர்ஸ் தோட்டங்களின் வரலாற்றைப் பதிவு செய்ய உதவுங்கள்

அன்புடையீர், வணக்கம்.

திருச்சி பொன்மலை ரயில்வே காலனியில் தொழிலாளர்கள் வளர்த்த வீட்டுத் தோட்டங்களைப் பற்றி ஒரு புத்தகமும் புகைப்படக் கண்காட்சியும் கொண்டுவரும் வேலையைத் தொடங்கியிருக்கிறோம். அங்குள்ள ரயில்வே ஒர்க்‌ஷாப்பில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர்களும் அவர்கள் பிள்ளைகளும் சேர்ந்த குழு இது. இதுவரை கைக்காசில் ஓட்டிவிட்டோம். இனி உங்கள் உதவி வேண்டும்.

தோட்டத்துக்கெல்லாம் என்ன வரலாறு என்று சிலர் கேட்கிறார்கள். நாகப்பட்டினத்து ஒர்க்‌ஷாப் பொன்மலைக்கு மாறியது, ஆட்குறைப்பை எதிர்த்து 1928இல் நடந்த தென்னிந்திய ரயில்வே வேலைநிறுத்தம், 1946 செப்டம்பர் 5 துப்பாக்கிச் சூட்டில் ஐந்து தொழிலாளர்கள் உயிர்விட்டது, எல்லாம் எழுத்தில் இருக்கிறது. சங்கு ஊதியதும் வீட்டுக்கு வந்து, கிரீஸ் கறையோடு மண்வெட்டியை எடுத்த பிட்டரையும், கலாசி எனப்படும் உதவியாளரையும் பற்றித்தான் எழுத்தில் எதுவும் கிடைக்கவில்லை.

அங்கே வளர்ந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை, மற்றவர்களுக்காகச் சொல்கிறோம். வேலிக்கு நிற்பது கண்டமான, அதாவது உதவாது என்று கழித்த, பாய்லர் ட்யூப். பந்தலைத் தாங்குவது தண்டவாளத்துக்கு அடியில் கிடந்த பழைய ஸ்லீப்பர் கட்டை. நடைபாதையில் நீராவி எஞ்சின் காலத்துக் கரிச்சாம்பல், மிதித்து மிதித்து இறுகிப் போயிருக்கும். குளித்த தண்ணீர் சின்ன வாய்க்காலில் ஓடி வாழைக்குப் போகும், அதையும் தாண்டினால் சேம்புக்கு. புடலங்காய் நேராக வளர எல்லோரும் நுனியில் கல் கட்டுவார்கள். ஒர்க்‌ஷாப்காரர் வீட்டில் தேய்ந்த நட்டு தொங்கும். கொல்லையில் ஒரு முருங்கை கட்டாயம். ரயில்வே தரும் இலவசப் பாஸில் ஊருக்குப் போய் வந்தால் பெட்டியில் துணிக்கு நடுவே ஒரு விதைப் பொட்டலமோ கிழங்கோ வந்து சேரும். ஞாயிற்றுக்கிழமைச் சந்தையில் வெங்காயமும் உருளைக்கிழங்கும் மட்டும் வாங்கிக்கொண்டு திரும்பும் வீடுகள் அப்போது நிறைய.

பொழுதுபோக்கு என்று இதைத் தள்ளிவிட முடியாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் ரயில்வே தன் தொழிலாளர்களுக்கு மலிவு விலைத் தானியக் கடைகளை நடத்த வேண்டியிருந்தது. 'உணவு உற்பத்தியைப் பெருக்குவோம்' இயக்கமும் அந்தக் காலத்தில் வந்ததுதான். அந்தப் பெயரிலேயே தண்டவாள ஓரத்து நிலத்தைக் காய்கறி பயிரிட ஊழியர்களுக்கு லைசென்ஸுக்குக் கொடுக்கும் திட்டம் பின்னாளிலும் தொடர்ந்தது. பிரான்சில் ரயில்வே தொழிலாளர் தோட்டங்களுக்கென்று 1942இல் தொடங்கிய சங்கம் இன்றும் இயங்குகிறது. நம்மிடம் ஒரு நோட்டுப் புத்தகம்கூட இல்லை.

அப்புறம் 1974. மே 8 முதல் 27 வரை நடந்த அகில இந்திய ரயில்வே வேலைநிறுத்தத்தின்போது நாடெங்கும் பல காலனிகளில் தொழிலாளர் குடும்பங்கள் குவார்ட்டர்ஸை விட்டு வெளியேற்றப்பட்டன. சம்பளம் நின்றுபோன அந்த நாட்களில் அடுப்பில் என்ன வெந்தது, கொல்லையில் காய்த்தது யாருக்குப் போனது என்று கேட்டு வைக்க வேண்டும். அன்று வேலையில் இருந்தவர்களுக்கு இப்போது எழுபதுக்கு மேல். எங்கள் அவசரமெல்லாம் இதுதான். இன்னொரு பக்கம், பாழடைந்த பழைய குடியிருப்புகள் இடிக்கப்பட்டு வருகின்றன. ஓய்வு பெற்றவர் சாவியை ஒப்படைத்துவிட்டுப் போவார், மரம் அடுத்து வருபவருக்கு நிற்கும் என்பதுதான் வழக்கம். வீடே போனால் மரமும் போகும்.

மொத்தச் செலவு 2,60,000 ரூபாய். இதில் பெரும்பங்கு, 1,40,000 ரூபாய், புத்தகம் 500 பிரதி அச்சிட. பெரியவர்களின் பேச்சைப் பதிவு செய்து எழுத்தாக்க 60,000, கண்காட்சிக்கு 35,000, பழைய படங்களை ஸ்கேன் செய்ய 25,000. கையில் சேர்ந்திருப்பது 48,000. இன்னும் 2,12,000 ரூபாய் தேவை. டீ, போக்குவரத்துச் செலவு குழுவினர் சொந்தப் பொறுப்பு, அதற்கு நன்கொடையில் கை வைக்க மாட்டோம்.

நூறு ரூபாய் கொடுத்தாலும் ரசீது உண்டு. ஆயிரமும் அதற்கு மேலும் கொடுப்பவர்களுக்குப் புத்தகம் ஒரு பிரதி. நாங்கள் பதிவு செய்யாத சிறு குழு, எனவே வருமான வரிச் சலுகை கிடைக்காது. இதை முன்பே சொல்லிவிடுகிறோம். பணம் குழுவினர் இருவர் பெயரில் உள்ள கூட்டுக் கணக்கில் இருக்கும். வரவு செலவு விவரத்தைப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்திலேயே அச்சிடுவோம்.

பணம் கொடுக்க முடியாதவர்கள் வீட்டு ஆல்பத்தைப் புரட்டிப் பாருங்கள். தோட்டத்தை மட்டும் யாரும் படம் எடுத்ததில்லை. பூப்புனித நீராட்டு விழாவிலும் பொங்கல் அன்றும் எடுத்த படங்களில் ஆட்களுக்குப் பின்னால் பந்தலும் வாழையும் தெரியும். படத்தைக் கொடுத்துவிட்டுப் போக வேண்டாம். நாங்களே ஸ்கேனரோடு வீட்டுக்கு வந்து, உங்கள் முன்னாலேயே நகல் எடுத்துக்கொள்கிறோம். குவார்ட்டர்ஸ் எண் ஞாபகம் இருந்தால் படத்தின் பின்னால் பென்சிலில் குறித்து வையுங்கள்.

இப்படிக்கு,
குழுவினர்